கொல்லையில் ஓடும் டிராம்

அரபு மொழியில் விளையாட்டையும் வீண்பொழுதையும் குறிக்கும் சொற்கள் பல உள. ‘லஇப்’ என்பது ஒன்று. அது வெறும் விளையாட்டு. ‘லஹ்வு’ என்பது மற்றொன்று. மனத்தை இழுத்துச் சென்று, முக்கியமானதை மறக்கச் செய்யும் பொழுதுபோக்கு. ‘லக்வு’ பயனற்ற பேச்சு; ‘அபஸ்’ நோக்கமற்ற செயல். இவை நான்கும் அண்டை வீட்டாரைப் போன்றவை. ஒருவரை மற்றவராக எண்ணிக் கதவைத் தட்டிவிடுவது எளிது. முப்பதாண்டுகளாக இந்த வேறுபாடுகளைக் கரும்பலகையில் எழுதி மாணவர்களுக்குக் கற்பித்து வருகிறேன். எனினும் அவற்றை நான் கற்றுக்கொண்ட இடம் வகுப்பறை அன்று. என் வீட்டுக் கொல்லை. கற்பித்தவர் என் வாப்பா. பாடக் கருவியோ, ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த நீளமுள்ள டிராம் வண்டி.

மத்ரஸாவில் ஓதிப் பட்டம் பெற்ற ஒருவன் கொல்லையில் தண்டவாளம் போட்டு வண்டி விடுகிறானா என்று வாசகர்கள் புன்னகைக்கக்கூடும். எங்கள் ஊரிலும் அப்படித்தான் புன்னகைத்தார்கள். அந்தப் புன்னகைக்கு விடை சொல்வதற்காக இதை நான் எழுதவில்லை. தீர்க்க இயலாமற்போன ஒரு கடனைப் பற்றி எழுதுகிறேன்.

வாப்பா 1947ஆம் ஆண்டு, பன்னிரண்டு வயதுச் சிறுவராகச் சென்னைக்குப் போனார். மண்ணடியில் உறவினர் ஒருவரின் இரும்புச் சாமான் கடையில் வேலை. பகலில் சரக்குக் கட்டுவது, மாலையில் சரக்கைக் கொண்டுபோய்க் கொடுப்பது, இரவில் கடைக்குள்ளேயே படுத்துக்கொள்வது. தாயைப் பிரிந்த பிள்ளைக்கு அந்தப் பெருநகரில் ஒரே இன்பமாக இருந்தது டிராம்.

சென்னையில் மின்சார டிராம் 1895ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் மின்சாரத்தால் ஓடிய முதல் டிராம் அதுவே. கல்கத்தாவில் 1902இலும், பம்பாயில் 1907இலும்தான் மின்சார டிராம் வந்தது. சென்னையில் முதலில் தெருவின் அடியில் ஒரு சிறு கால்வாய் அமைத்து, அதன் வழியே வண்டிக்கு மின்சாரம் கொடுத்தார்கள். நம் மழைக்கால வெள்ளத்துக்கு அந்த ஏற்பாடு ஒத்துவரவில்லை. பின்னர்த் தெருவுக்கு மேலே கம்பி கட்டி, வண்டியின் கூரையிலிருந்து எழும் நீண்ட கோல் அக்கம்பியைத் தொட்டுக்கொண்டே செல்லுமாறு செய்தார்கள். ஏறத்தாழ 58 ஆண்டுகள் ஓடிய அந்த டிராம், நட்டம் தாங்காமல் 1953 ஏப்ரல் 12ஆம் நாள் நின்றுபோயிற்று. அப்போது வாப்பாவுக்கு வயது பதினெட்டு.

பாரிமுனையில் ஏறி மவுண்ட் ரோட்டில் இறங்குவாராம். மடியில் ஆணிப் பொட்டலமோ தாழ்ப்பாள் பெட்டியோ இருக்கும். டிரைவர் காலால் மிதித்து அடிக்கும் மணியோசையை வாயாலேயே செய்து காட்டுவார். எல்லாவற்றினும் அவர் மனத்தைக் கவர்ந்தது ஒரு காட்சி. வண்டி கடைசி இடத்தை அடைந்ததும் கண்டக்டர் கீழே இறங்குவார். கயிற்றைப் பிடித்து இழுத்துக் கூரைக்கோலைக் கம்பியிலிருந்து விடுவிப்பார். அதை அப்படியே இழுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி அரைவட்டமாக நடந்து, மறுமுனையில் மீண்டும் கம்பியில் மாட்டுவார். கோல் எப்போதும் வண்டிக்குப் பின்னே சாய்ந்து வரவேண்டும்; முன்னே நீட்டிக்கொண்டு போனால் வளைவில் கம்பியைவிட்டு நழுவிக் கம்பத்தில் சிக்கிவிடும். இருட்டில் அந்தக் கோல் கம்பியைத் தேடித் தடவும்போது நீலப் பொறி பறக்கும். அதைப் பார்ப்பதற்காகவே கடைசி வண்டி வரையில் தெருமுனையில் நின்ற இரவுகள் உண்டு என்பார். நான் சிறுவனாக இருந்தபோது இக்கதைகளைக் கேட்டுக்கொண்டே உறங்கியிருக்கிறேன்.

* * *

இப்போது 2006ஆம் ஆண்டுக்கு வருகிறேன். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. கல்வியைவிடக் ‘கற்றவன்’ என்னும் எண்ணம் மிகுந்திருந்த வயது. வாப்பா வாணிபத்தை விட்டு ஊரோடு வந்துவிட்டார். என் மகனுக்கு ஏழு வயது. பாட்டனாரும் பேரனும் நாள் முழுவதும் ஒன்றாகவே இருப்பார்கள்.

ஒருநாள் அஸருக்குப் பின் நான் பள்ளிவாசலிலிருந்து வீடு திரும்பினேன். கூடத்துத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் இரண்டு கோடுகள் நீளமாகப் போட்டிருந்தன. சாமான் பெட்டிப் பலகையில் செதுக்கிய ஒரு சிறு டிராம் அவற்றின் மேல் போய்க்கொண்டிருந்தது. நூல்கண்டுக் கட்டைகளே சக்கரங்கள். எழுபதைக் கடந்த வாப்பா தரையில் மண்டியிட்டு மணியோசை எழுப்பிக்கொண்டிருந்தார். மகன் ஓதப் போகவேண்டிய நேரம் கடந்து அரைமணி ஆகியிருந்தது.

நான் சொன்னேன்: “வாப்பா, பிள்ளையின் ஓதலைக் கெடுக்கிறீர்கள். இந்த வயதில் இந்த லஹ்வு உங்களுக்குத் தேவைதானா?”

குரலை நான் உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் கோபத்தில் சொன்னது என்றாவது ஆகியிருக்கும். ஓர் ஆலிமின் தீர்ப்பைப் போல, நிதானமாக, பேரனின் முன்னிலையில் சொன்னேன். வாப்பா ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் ஈரத்துணி கொண்டுவந்து, தரையிலிருந்த இரண்டு கோடுகளையும் தாமே துடைத்தார். மறுநாள் அந்த மர டிராமைக் காணோம். அன்று முதல் பதின்மூன்று ஆண்டுகள் அவர் வாயிலிருந்து டிராம் என்ற சொல் வரவில்லை. அவருடைய மௌனத்தை நான் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.

இதில் எனக்கு இன்றும் வெட்கம் தருவது மற்றொன்று. அந்த ஆண்டுதான் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ‘இஹ்யா’வில் பிள்ளை வளர்ப்புப் பற்றிய பகுதியை மாணவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். பாடம் முடிந்து வரும் பிள்ளையை நல்ல விளையாட்டில் இளைப்பாற விடவேண்டும். விளையாட்டைத் தடுத்து ஓயாமல் பாடத்திலேயே வதைத்தால் அதன் உள்ளம் மரத்துப்போகும், அறிவு மழுங்கும் என்பது அங்கே இமாமவர்களின் கருத்து. அதுபோலவே யூஸுஃப் நபியின் வரலாறு. தம்பியை எங்களுடன் அனுப்புங்கள், அவர் விளையாடட்டும் என்று சகோதரர்கள் கேட்டபோது, நபி யஃகூப் (அலை) அவர்கள் ஓநாய்க்கு அஞ்சினார்களேயன்றி விளையாட்டுக்கு அஞ்சவில்லை. இதையெல்லாம் பொருள் பிரித்து விளக்கிய அதே நாக்குத்தான் வீட்டில் அந்தச் சொல்லைச் சொன்னது. நேரம் தவறியதைக் கண்டிக்க எனக்கு உரிமை உண்டு. ஆனால் நான் கண்டித்தது நேரத்தை அன்று. விளையாட்டையும் விளையாடிய மனிதரையும்.

* * *

2019ஆம் ஆண்டு வாப்பாவுக்கு மறதி தொடங்கியது. முதலில் சாவி, பிறகு பெயர்கள், பிறகு முகங்கள். அண்மையில் நடந்தவை முதலில் போகும், நெடுங்காலத்துக்கு முந்தியவை கடைசிவரை நிற்கும் என்று மருத்துவர் சொன்னார். ஓர் இரவு வாசற்கதவு திறக்கும் ஓசை கேட்டு எழுந்து போனேன். வாப்பா சட்டை அணிந்து, தொப்பி வைத்து, தெருவைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

“கடைசி வண்டி போய்விட்டதா?” என்று கேட்டார்.

“எந்த வண்டி, வாப்பா?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “தம்பி, நீ யார் வீட்டுப் பிள்ளை?” என்றார்.

அவரைப் படுக்க வைத்துவிட்டு, உறக்கம் வராமல் பரணில் ஏறிப் பார்த்தேன். பழைய கைலி ஒன்றில் சுற்றி, மூலையில் பத்திரமாக இருந்தது அந்த மர டிராம். மறுநாள் காலையில் அதை அவர் கையில் கொடுத்தேன். சாய்வு நாற்காலியின் கைப்பிடி மேல் மெல்ல உருட்டினார். கைப்பிடியின் முனை வந்ததும் நிறுத்தினார். வண்டியின் கூரையை விரலால் தடவித் தடவி எதையோ தேடினார். பிறகு என்னிடம் நீட்டி, “கோல் இல்லையே” என்றார்.

கொல்லையில் டிராம் பாதை போடுவதென்று அந்தக் கணத்தில் முடிவு செய்தேன்.

இத்தகைய வேலையில் ஈடுபட்டோர் உலகில் பலர் இருக்கிறார்கள் என்பதைப் பிறகே அறிந்தேன். இங்கிலாந்தில் கிளாட் லேன் என்பவர் 1949இல் பதினைந்து அங்குல அகலத் தண்டவாளத்தில் ஓடும் சிறு டிராம் ஒன்றைச் செய்தார். முதலில் விழாக்களில் பிள்ளைகளை ஏற்றிச் சென்றது அது. 1954இல் ஈஸ்ட்போர்னிலும், 1970இல் டெவன் மாவட்டத்துச் சீட்டனிலும் அவருடைய டிராம் பாதைகள் வளர்ந்தன. லேன் 1971இல் இறந்தார். கைவிடப்பட்ட ரயில் பாதையின் தடத்தில், ஆற்று முகத்துவாரத்தின் ஓரமாக, அவர் தொடங்கிய சீட்டன் டிராம் இன்றும் மக்களை ஏற்றிச் செல்கிறது. ஜெர்மனியின் நூரம்பர்க் நகரில் 1968இல் வெளிவந்த எல்.ஜி.பி. எனும் தோட்டத்து ரயில், 45 மில்லிமீட்டர் அகலப் பித்தளைத் தண்டவாளத்தைப் பரவச் செய்தது. மீட்டர் கேஜ் பாதையை இருபத்திரண்டரை மடங்கு சுருக்கினால் அந்த அகலம் வரும்.

வண்டியைச் சிறிதாக்கி உருட்டும் ஆசை நமக்கும் புதிதன்று. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேரை உருட்டி விளையாடுகிறார்கள். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்தாம் பருவமே சிறுதேர்ப் பருவம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்களும் அம்மரபில் வந்தவர்களே. பாக்தாதில் ஒன்பதாம் நூற்றாண்டில் பனூ மூஸா சகோதரர்கள் விந்தைப் பொறிகளைப் பற்றி ‘கிதாபுல் ஹியல்’ எழுதினார்கள். 1206இல் அல்ஜஸரீ தம் பொறியியல் நூலை முடித்தார். அதிலுள்ள யானைக் கடிகாரத்தைப் பார்த்து வியக்காத பிள்ளை உண்டோ? இவர்களையெல்லாம் மாணவர்களிடம் பெருமையாகச் சொல்லிவந்தவன் நான். வீட்டில் நூல்கண்டுச் சக்கரத்தைப் பொறுக்காதவனும் நான்தான்.

* * *

தண்டவாளம் எதிர்பாராமல் கிடைத்தது. ஷார்ஜாவில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர் 2019 இறுதியில் ஊர் வந்தபோது, நாட்டைவிட்டுச் சென்ற ஓர் ஐரோப்பியரிடம் வாங்கிய பழைய பித்தளைத் தண்டவாளங்களையும், மோட்டார் பொருத்திய சக்கரத் தொகுதி ஒன்றையும் கொண்டுவந்து தந்தார். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பள்ளிக்கூடம் மூடியது. பொறியியல் படித்துக்கொண்டிருந்த மகனும் வீடு வந்து சேர்ந்தான். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் ஓதலுக்குப் பிந்திய அதே மகன்தான்.

திண்ணையில் வாப்பா சாய்ந்திருக்கும் இடத்திலிருந்து கிணற்றடித் தென்னை வரையில் 14 மீட்டர். அங்கே தென்னையைச் சுற்றி ஒரு வளையம். வண்டி மரத்தைச் சுற்றிக்கொண்டு வந்த வழியே திரும்பும். வளைவின் ஆரம் 60 சென்டிமீட்டர். நீண்ட ரயிலுக்கு அந்த வளைவு ஆகாது. குட்டையான டிராமுக்குப் போதும். தெருமுனைகளில் திரும்புவதற்கென்றே பிறந்ததல்லவா அது! எங்கள் மண் கடல்மணல். ஒரு சாண் ஆழம் தோண்டி, உடைந்த செங்கலை இட்டு இடித்து, மேலே பொடிஜல்லி பரப்பி, ரசமட்டம் வைத்துப் பார்த்துத் தண்டவாளம் பதித்தோம். மண்ணில் நேராக வைத்தால் ஒரே மழையில் புதைந்துவிடும்.

முதற்பாடம் மே மாத வெயிலில் கிடைத்தது. விடியலில் நேராக இருந்த பாதை நண்பகலில் பாம்பு போல் நெளிந்து கிடந்தது. பித்தளை சூட்டில் நீளும் என்பதை மறந்து, துண்டுகளை இடைவெளி இன்றி முட்ட வைத்திருந்தோம். வளையத்தையும் சேர்த்து எங்கள் பாதை 18 மீட்டர். வெப்பம் 35 பாகை ஏறினால் அவ்வளவு நீளப் பித்தளை ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் நீள்கிறது. எல்லாவற்றையும் பிரித்து, ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு மில்லிமீட்டர் இடம் விட்டோம். இடைவெளியில் மின்சாரம் தடைப்படாதிருக்க இருபுறமும் செம்புக் கம்பியை ஈயம் வைத்துப் பற்றினோம். விரிவதற்கு இடம் கொடாமல் இறுக்கிய எதுவும் வெயில் வரும்போது கோணும் என்பதை அந்தப் பித்தளை எனக்குச் சொல்லிற்று. பிள்ளைகளை ஆளும் ஆசிரியன் அதை முன்பே அறிந்திருக்க வேண்டும்.

இரண்டாம் பாடம் தென்னை வளையத்தில். இரு தண்டவாளங்களில் ஒன்று மின்சாரம் வரும் வழி, மற்றது திரும்பும் வழி என்று வைத்திருந்தோம். வளையத்தை இணைத்ததும் மின்சாரப் பெட்டி தானே அணைந்தது. மறுபடி போட்டால் மறுபடி அணைந்தது. ஒருநாள் முழுவதும் திகைத்தோம். பிறகு மகன் மணலில் விரலால் வரைந்து காட்டினான். தென்னையைச் சுற்றித் திரும்பும் பாதையில் இடத் தண்டவாளம் வந்து வலத் தண்டவாளத்தோடு சேர்ந்துவிடுகிறது. வரும் வழியும் திரும்பும் வழியும் முட்டிக்கொள்கின்றன. தீர்வு, டிராமிலேயே இருந்தது. மின்சாரம் மேல்கம்பி வழியே வரட்டும். இரு தண்டவாளங்களும் ஒன்றாகச் சேர்ந்து திரும்பும் வழியாகட்டும். அப்போது வளையம் எங்கே சேர்ந்தால் என்ன? வாப்பா நாற்காலியில் அமர்ந்து “கோல் இல்லையே” என்று சொன்னதன் உண்மை எங்களுக்கு அன்று முழுமையாக விளங்கிற்று.

கம்பங்களை நட்டோம். தண்டவாளத்திலிருந்து 27 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு மில்லிமீட்டர் செம்புக் கம்பி. ஓடுவது 18 வோல்ட். பிள்ளைகள் தொட்டாலும் தீங்கில்லை. கம்பி இரு கம்பங்களுக்கிடையே நேராகத்தான் நிற்கும். ஆகையால் வளைவில் கம்பங்களை நெருக்கி நட்டு, நேர்த் துண்டுகளாலேயே வட்டத்தைச் செய்தோம். வண்டியை நானும் தச்சரும் பழைய தேக்குக் கட்டிலின் பலகையில் செய்தோம். நீளம் 40 சென்டிமீட்டர்; ஒன்பது மீட்டர் நீளமுள்ள உண்மை வண்டிக்கு அது ஈடு. கூரையில் மெல்லிய பித்தளைக் குழாய், அடியில் சுருள்வில், நுனியில் பள்ளமிட்ட சிறு சக்கரம், இழுத்துத் திருப்ப ஒரு நூல்.

தொல்லைகளுக்குக் குறைவில்லை. முருங்கை இலை பொடிப்பொடியாக உதிர்ந்து பாதையை மூடும். ஒருநாள் தேங்காய் விழுந்து மூன்று கம்பங்கள் சாய்ந்தன. உப்புக் காற்றில் பித்தளை கறுத்து, வண்டி நின்று நின்று போயிற்று. நானும் மகனும் விலையுயர்ந்த திரவங்களைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தபோது, என் துணைவியார் சமையலறையிலிருந்தபடியே, “பித்தளைதானே? புளி போட்டுத் தேய்த்துத் தண்ணீர் ஊற்றுங்களேன்” என்றார். அன்று முதல் வாரந்தோறும் புளிதான்.

ஓட்டம் பார்த்த முதல் நாள் வாப்பா வண்டியைக் கூர்ந்து நோக்கி, “டிரைவர் எங்கே?” என்றார். உருவம் செய்வதில் எனக்குத் தயக்கம் இருந்தது. ஆனால் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளுக்கிடையே சிறகு வைத்த குதிரை ஒன்று இருந்ததும், குதிரைக்குச் சிறகா என்று வினவிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், நபி சுலைமானின் குதிரைகளுக்குச் சிறகு இருந்ததே என்ற விடையைக் கேட்டுக் கடைவாய்ப் பல் தெரியச் சிரித்ததும் அபூதாவூதில் உள்ள செய்தி. அதை எத்தனை முறை பாடம் நடத்தியிருப்பேன்! கண்ணும் மூக்கும் இல்லாத மரத்தலையும் காக்கித் துணிச் சட்டையுமாக ஏழரைச் சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு டிரைவரைச் செய்து நிறுத்தினேன். வாப்பா பார்த்துவிட்டு, “இவனுக்குக் கண் தெரியாதே, மோதிவிடுவானே” என்று சிரித்தார். பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் அவர் அப்படிச் சிரித்ததைக் கண்டேன்.

* * *

அதன்பின் மூன்றாண்டுகள், மழையில்லாத மாலைகளில் அஸருக்குப் பின் டிராம் ஓடிற்று. தென்னையைச் சுற்றிவந்த வண்டி திண்ணையருகே வாப்பாவின் காலடியில் வந்து நிற்கும். அங்கே வளையம் இல்லை; பாதை முடிந்துவிடும். கோலைக் கையால் திருப்பினால்தான் வண்டி மீண்டும் புறப்படலாம். அது வாப்பாவின் வேலை. என் பெயரை அவர் மறந்திருந்தார். இரவா பகலா என்பது சில நாள் தெரியாது. ஆயினும் வண்டி வந்து நின்றதும் அவர் உடல் முன்னே குனியும். நடுங்கும் விரல்கள் நூலைப் பிடிக்கும். கோலைத் தாழ்த்தி, அரைவட்டம் சுற்றி, கம்பியைத் தேடித் தொடும். சிறு பொறி ஒன்று தெறிக்கும். “ரைட்!” என்பார். அந்தச் செயலில் ஒருநாளும் அவர் பிழை செய்ததில்லை.

லஹ்வு என்பது மறக்கச் செய்வது என்று முதலில் சொன்னேன். எல்லாவற்றையும் மறந்துகொண்டிருந்த ஒரு மனிதரை, நாளுக்கு அரைமணி நேரம் நினைவுக்குக் கொண்டுவந்த ஒன்றுக்கு அப்பெயர் எப்படிப் பொருந்தும்? பெயர் வைப்பதில் நான் அவசரப்பட்டேன். விளையாட்டைப் பார்த்தேன்; அதற்குள் ஓர் ஏழைச் சிறுவனின் இளமை முழுவதும் இருந்ததைப் பார்க்கவில்லை.

ஒரு மாலை, மகன் தென்னையருகே நின்றிருந்தான். திண்ணையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். நான் தரையில் அமர்ந்து அவர் முழங்காலைப் பற்றிக்கொண்டு சொன்னேன்: “வாப்பா, அன்று பேரனுக்கு முன்னால் உங்களை ஒரு சொல் சொல்லிவிட்டேன். கோட்டை நீங்களே துடைத்தீர்கள். அது தவறு. என்னை மன்னித்துவிடுங்கள்.”

அவர் என்னை அன்போடுதான் பார்த்தார். ஆனால் அந்த அன்பு தெருவில் வழிகேட்கும் பிள்ளையிடம் காட்டும் அன்பு. “என்ன கோடு?” என்றார். பிறகு, “நேரமாகிறது தம்பி, கோலைத் திருப்பவேண்டும், எழுந்திரு” என்றார்.

மனிதர்க்குச் செலுத்தவேண்டிய உரிமையில் செய்த தவறு, உரியவர் மன்னித்தாலன்றித் தீராது என்று நாம் படித்திருக்கிறோம். பிறர்க்குச் சொல்லியும் வருகிறோம். கடன் கொடுத்தவர் மறந்துவிட்டால் கடன் கழிந்துவிடுமா? கழியாது. வாங்கியவனுக்கு நினைவிருக்கிறதே! வாப்பா என்னை மன்னித்தார் என்று என்னால் சொல்ல இயலாது. மன்னிக்கவில்லை என்றும் சொல்ல இயலாது. கேட்கவேண்டிய காலத்தில் நான் கேட்கவில்லை. கேட்ட காலத்தில் அவர் அங்கே இல்லை. பதின்மூன்று ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் இருந்தோம். ஒரு சொல்லுக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்?

2023ஆம் ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, சுபுஹுத் தொழுகைக்குப் பின் வாப்பா இறையடி சேர்ந்தார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். மூன்று மாதம் டிராமைத் தொடவில்லை. பாதையில் புல் முளைத்தது. பிறகு ஒரு காலையில் புளியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன்.

இப்போது மாலை வேளைகளில் தெருப்பிள்ளைகள் வருகிறார்கள். திண்ணையருகே கோலைத் திருப்பும் வேலைக்கு அவர்களுக்குள் முறை வைத்திருக்கிறார்கள். அண்மையில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன், ஓதப் போகும் பையைத் தோளில் மாட்டியபடியே வேலியருகே நின்றுகொண்டிருந்தான். கடிகாரத்தைப் பார்த்தேன், நேரம் கால்மணி கடந்துவிட்டது. பழைய சொல் நாக்கின் நுனிவரை வந்தது. அதை விழுங்கினேன்.

“வா தம்பி” என்று அழைத்து நூலை அவன் கையில் கொடுத்தேன். “ஒரு முறை திருப்பி மாட்டிவிட்டு ஓடு. உஸ்தாதிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். நாளைக்கு ஓதி முடித்துவிட்டு வா; உனக்காக வண்டி நிற்கும்.”

அவன் கோலைத் தாழ்த்தினான். இரு முறை தவறவிட்டு, மூன்றாம் முறை கம்பியைத் தொட்டான். பொறி தெறித்தது. பையைப் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டான். கண்ணில்லாத டிரைவரோடு வண்டி தென்னையை நோக்கிப் போயிற்று.

யா அல்லாஹ், என் வாப்பாவின் கப்ரை விசாலமாக்குவாயாக. அவர் மறந்துவிட்ட என் பிழையை, மறதி இல்லாதவனாகிய நீ அறிவாய். அதை நீயே அவரிடமிருந்து மன்னித்து வாங்கித் தருவாயாக. ஆமீன்.